பேத்தை

கடல் நஞ்சு ஆராய்ச்சியாளர் மீன் குழம்பைச் சட்டியோடு காலி செய்துவிட்டு உதட்டைத் தொட்டார். மரக்கட்டை!

பேத்தை மீனாக இருக்குமோ? அந்த விஷம் முதலில் உதட்டு நரம்பை மரக்கடிக்கும், அப்புறம் மூச்சையே நிறுத்தும். வீட்டில் வேறு ஆளில்லை. தரை தேயத் தேயக் கூடத்தில் நடந்தார்.

போன் அலறியது. மீன் வாங்கித் தந்த மாப்பிள்ளை! இரைச்சலுக்கு நடுவே ஒரே வார்த்தைதான் காதில் விழுந்தது.

"மாமா! பேத்தை!"

"ஐயையோ! முழுசாத் தின்னுட்டேனே மாப்பிள்ளை! உதடெல்லாம் மரத்துப்போச்சு! உங்க அத்தையைப் பார்த்துக்குங்க!"

"தின்னுட்டீங்களா? பேத்தி மாமா, பேத்தி! உங்க பொண்ணுக்குப் பொண்ணு பொறந்திருக்கா!"

ஆஸ்பத்திரியில் மகளுக்குத் துணையாக இருந்த மனைவி மாப்பிள்ளையிடமிருந்து போனைப் பிடுங்கினாள். "காலையில பல் டாக்டர் ஊசி போட்டாரே, அதுதான் மரத்திருக்கு! தாத்தா ஆன அன்னிக்கே மறதியும் வந்துடுச்சா?"