பின்வாங்கும் அத்தியாயம்

“கோழைங்களுக்குப் போய் ஒரு அத்தியாயமாம்மா? அதைக் கிழிச்சுப் போடு. அப்பதான் இது அச்சுக்குப் போகும்.”

பதிப்பாளர் கறாராகச் சொல்லிவிட்டார். அவள் உருவாக்கியிருந்தது மேசையில் ஆடும் மாயாஜாலச் சண்டை விளையாட்டு; அவர் கையில் இருந்தது அதன் விதிப் புத்தகம். ஏறி இறங்காத பதிப்பகம் இல்லை. மிச்சம் இருந்தது இவர் ஒருவர்தான். ஆனால் சண்டையிலிருந்து பின்வாங்கும் விதிகளை எடுத்துவிட்டால் வெறும் வெட்டுக்குத்துதான் மிஞ்சும். அதற்கு அவளுக்கு மனசு வரவில்லை.

“ஒரே ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்க சார். அந்த விதி தேவைப்படலைன்னா நானே கிழிச்சுடறேன்.”

“நானாவது, பின்வாங்கறதாவது!”

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஆட்டத்தில் அவர் வாள்வீரர். அலுவலகக் கணக்குவழக்கைப் பார்க்கும் அவர் மனைவி மருத்துவச்சி. அட்டைப்படம் வரையும் ஓவியர் வில்லாளி. குகை அரக்கனை நடத்துவது அவள் வேலை. அரக்கனுக்கு எத்தனை உயிர் மிச்சம் என்பது அவளுக்கு மட்டுமே தெரிய வேண்டும். அதற்காக முன்னால் ஒரு அட்டைத் தடுப்பை நிறுத்திக்கொண்டாள்.

முதல் வீச்சிலேயே பதிப்பாளருக்கு இருபது முகப் பகடையில் உச்ச எண்ணான இருபது விழுந்தது. “எப்படி! ஆள் காலியா?”

அவள் தடுப்புக்குப் பின்னால் குனிந்து பார்த்தாள். “தள்ளாடறான் சார். ஆனா விழல. இப்ப அவன் முறை.”

அரக்கனின் கதாயுதம் இறங்கியதில் ஓவியர் சுருண்டார். அடுத்த இரண்டு சுற்றுகளில் மருத்துவச்சிக்குச் சரியான அடி.

“என்னங்க, எனக்கு ரெண்டே உயிர்தான் மிச்சம். வாங்க, ஓடிடலாம்.”

“சும்மா இரு. இன்னும் ஒரே வெட்டு.”

“இதையேதான் மூணு ரவுண்டா சொல்றீங்க. நான் செத்தாலும் பரவாயில்ல, உங்களுக்கு வீராப்புதான் பெருசு. அப்படித்தானே?”

ஓவியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தார். பதிப்பாளருக்கு அரக்கனைவிட மனைவியின் முறைப்புதான் பயமாக இருந்தது.

“ஏம்மா... அந்த... அந்த அத்தியாயம் எங்க இருக்கு?”

அவளுக்குள் ஜிவ்வென்று ஏறியது. குரலில் காட்டிக்கொள்ளவில்லை.

“முதுகைக் காட்டித் தனியா ஓடினா அடி விழும் சார். கேடயத்தை முன்னால பிடிச்சு, அடிபட்டவங்களைப் பின்னால விட்டு, எல்லாரும் சேர்ந்தே நகர்ந்தா தப்பிக்கலாம்.”

ஓவியரையும் மனைவியையும் பின்னால் விட்டு, அவர் ஒவ்வொரு அடியாக நகர்ந்தார். கடைசிப் பகடை உருண்டு நின்றபோது மூவரும் குகைக்கு வெளியே இருந்தார்கள்.

“தப்பிச்சுட்டோம்!” பதிப்பாளர் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் குதித்தார். மனைவி கைதட்டினார். “இதும்மா ஆட்டம்! நெஞ்சு எப்படி அடிச்சுக்குது பாரு! அந்த அத்தியாயத்துல ஒரு எழுத்து குறையக் கூடாது. நாளைக்கே அச்சுக்குக் கொடு!”

மூவரும் வெற்றிக் களிப்போடு டீ குடிக்கக் கிளம்பினார்கள். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. தடுப்பை மடக்கி வைத்தாள்.

பாவம் அரக்கன், அந்த முதல் வீச்சிலேயே செத்துப்போயிருந்தான். இத்தனை நேரமும் அவனை எழுப்பி நிறுத்திச் சண்டை போட வைத்தது அவள்தான்.