நாற்பது நாள் தண்ணீர்

"இன்னைக்கே மீனு வுட்டா என்ன ஆவும் பாப்பா?"

"செத்துடும் சார்."

"எத்தினி?"

"எல்லாமே."

ராஜாங்கம் தாடையைத் தடவிக்கொண்டே தொட்டியைப் பார்த்தார். ஐந்தடி நீளக் கண்ணாடித் தொட்டி. உள்ளே கடலூரிலிருந்து கேனில் வந்த கடல் தண்ணீர், அவருடைய பீங்கான் கம்பெனியிலேயே பொறுக்கிய உடைசல்கள், ஒரு செத்த இறால். வேறு ஒன்றும் இல்லை.

விருத்தாசலத்தில் வீட்டில் கடல் மீன் தொட்டி வைத்த முதல் ஆள் அவர்தான். அதைப் பொருத்திக் கொடுத்த முதல் ஆள் இளமதி. விலங்கியல் படித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் கோவிந்தசாமியின் கலர் மீன் கடையில் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. கடையில் கடல் மீன் விற்பது அவளுடைய யோசனை. அதனால் கோவிந்தசாமி முன்கூட்டியே சொல்லிவிட்டார், ஒரு மீன் செத்தாலும் மறுநாளிலிருந்து அவள் கடைக்கு வர வேண்டாம் என்று. வேலை போனால் கட்டிவைக்க அவள் வீட்டில் மாப்பிள்ளை போட்டோ மூன்று தயாராக இருந்தன. மூன்றிலும் ஒரே மீசை.

தரையைப் பார்த்தபடியே அவள் விளக்கினாள். இறால் அழுகினால் அமோனியா வரும். அது மீனுக்கு விஷம். அதைத் தின்கிற பாக்டீரியா உடைசல்களின் பொடி ஓட்டைகளில் குடியேற வேண்டும். அது கழிப்பதும் விஷம்தான். அதைத் தின்ன இன்னொரு பாக்டீரியா வர வேண்டும். இரண்டும் பெருகி முடிக்க நாற்பது நாளாவது ஆகும்.

"சூளை ஆறதுக்குள்ள தொறப்பீங்களா சார்?"

"தொறந்தா அத்தினியும் விரிசல் வுட்டுடும்."

"அதேதான் சார் இது."

அவர் ஒப்புக்கொண்ட மாதிரிதான் தெரிந்தது. மறுநாள் போன் செய்து, சும்மா ஒரே ஒரு மீனை மட்டும் விட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். பாவம் சார் என்றாள். வைத்துவிட்டார்.

வாரம் ஒரு முறை தண்ணீரைச் சோதிக்கப் போனாள். அவர் மனைவி செல்வநாயகி மூக்கில் முந்தானையோடு கதவைத் திறப்பாள். வீட்டுக்கு வருகிறவர்கள், தண்ணீரையா வளர்க்கிறீர்கள் என்று கேட்கிறார்களாம். துபாயிலிருந்து வந்திருந்த மங்கலம்பேட்டைக்காரர் ஒருவர், அந்த இறாலைத்தான் வளர்க்கிறார்கள் என்று நினைத்து, அது ஏன் அசையவே இல்லை என்று விசாரித்துவிட்டுப் போனாராம்.

சோதனைக் குழாயில் மருந்துச் சொட்டு விட்டால் தண்ணீர் கரும்பச்சையாக மாறியது. ராஜாங்கம் குனிந்து பார்த்தார்.

"இந்தப் பச்சையில வுட்டா?"

"ரெண்டே நாளு சார்."

அவர் பெருமூச்சு விட்டார். அவ்வளவு மீன் ஆசை உள்ள மனிதரை அவள் பார்த்ததில்லை. மூன்றாவது வாரம் அவளுக்குத் தெரியாமல் கடைக்கே போய் ஒரு மீன் கேட்டிருக்கிறார். அந்தப் பெண் சொல்லாமல் கொடுக்க முடியாது என்று கோவிந்தசாமி கையை விரித்துவிட்டார். அவள் பேச்சுக்கு அந்தக் கடையில் மதிப்புக் கிடைத்தது அன்றுதான்.

நாற்பத்திரண்டாம் நாள் குழாயில் பச்சை போய் வெளிர் மஞ்சள் வந்தது. இரண்டாவது விஷத்துக்கான சோதனையிலும் ஒன்றும் இல்லை. சென்னையிலிருந்து ரயிலில் ஆறு மீன்கள் வந்து இறங்கின. பையோடு தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் இளமதி அவற்றைத் திறந்துவிட்டாள்.

ராஜாங்கம் தினமும் போன் செய்தார்.

"ஆறும் இருக்குது பாப்பா." குரல் ரொம்பச் சோர்ந்திருந்தது.

"நல்லா தின்னுதா சார்?"

"அதெல்லாம் நல்லாத்தான் தின்னுது. ஒண்ணு கூட சாவாதா?"

"சாவாது சார். நான் பொறுப்பு."

அவர் போனை வைத்துவிட்டார். இன்னும் நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு மாதம் கழித்துத் தண்ணீரைச் சோதிக்கப் போனபோது ராஜாங்கம் சோபாவில் படுத்திருந்தார். நெற்றி நிறைய திருநீறு, கழுத்தில் புதிதாக ஒரு தாயத்து. எதிரே தொட்டியில் ஆறு மீன்களும் கொழுத்துப்போய் சுற்றிக்கொண்டிருந்தன. ஆரஞ்சு மீன் ஒன்று கண்ணாடியில் மூக்கை வைத்து அவரையே பார்த்தது.

இளமதி வீட்டில் அந்த மூன்று போட்டோக்களையும் அம்மா பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருந்தாள். அந்தத் தைரியத்தில் அவள் முதல் முறையாக நிமிர்ந்து பேசினாள்.

"பாத்தீங்களா சார், ஒண்ணு கூட சாவல."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

செல்வநாயகி அவளைக் கையைப் பிடித்து அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். குரலைத் தாழ்த்தினாள்.

"ஆடி முடியறதுக்குள்ள இந்த வூட்ல ஒரு உசுரு போவும்னு ஜோசியர் சொல்லிட்டாரும்மா. நாமளா கொல்லக்கூடாதாம், தானா போவணுமாம். கடல் மீனுதான் வூட்டுத் தொட்டியில சட்டுனு செத்துடும்னு யாரோ சொன்னாங்கன்னு, அதுக்குன்னே இந்தத் தொட்டிய வெச்சாரு. நீ என்னடான்னா எல்லாத்தையும் பொழைக்க வெச்சிட்ட. ஆடி முடிய இன்னும் ரெண்டு நாளு இருக்குது. மீனுங்கள தவிர இந்த வூட்ல இருக்கறது நாங்க ரெண்டு பேருதான், எனக்கு ஒரு தலைவலி கூட கெடையாது."