ஒன்பதாவது கேள்வி

மாஸ்டர் ஸ்ரீகரனின் முழங்கை சுகுமாரனின் மூக்கை உடைத்தது. நீச்சல் குளத்தின் பன்னிரண்டடி ஆழத்தில் ரத்தம் புகை மாதிரி கிளம்பியது. சுகுமாரன் பிடியை விடவில்லை.

விடக் கூடாது என்று சொன்னவரே மாஸ்டர்தான். ஸ்கூபா லைசென்ஸுக்கு முந்திய கடைசிப் பயிற்சி அது.

"தண்ணிக்குள்ள பயந்துபோன ஆளு மாதிரி நடிப்பேன். ஒதப்பேன், அடிப்பேன். பின்னாலேர்ந்து கட்டிப் புடிச்சு அடக்கணும்" என்று இறங்குவதற்கு முன் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். "பேப்பர்ல ஒரு தப்புகூட இல்லண்ணே. தண்ணிக்குள்ள எப்படின்னு பாப்போம்லா!"

இப்போது அந்தச் சிரிப்பைக் காணோம். மாஸ்டர் குதிகாலால் உதைத்தார், நகத்தால் கிழித்தார். கழுத்தை வளைத்த கை இறுகியதில் வாயிலிருந்த காற்றுக் குழாய் பிய்த்துக்கொண்டு தொங்கியது. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். ஒரு முறை அல்ல, மூன்று முறை.

பிடி இன்னும் இறுகியது. கரையில் ஸ்டாப்வாட்சோடு நின்ற உதவியாளர் மர்ஜானா குதித்தபோது மாஸ்டரின் கைகால்கள் ஓய்ந்திருந்தன.

அன்று மதியமே போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் சீனி முகம்மது மேசையை ஓங்கித் தட்டினார்.

"டைவிங்ல கட்டவிரல காட்டுனா மேல போவணும்னு அர்த்தம். தெரியாதா ஒங்களுக்கு?"

"பாகுஸ், பிரமாதம்னு சொல்றாருன்னு நெனச்சிட்டேன் சார்." சுகுமாரனின் மூக்கில் பஞ்சு அடைத்திருந்தது. "நல்லா பண்றே, விடாம புடின்னு சொல்றாராக்கும்னு..."

நம்பக்கூடிய பதில்தான். மீ கோரெங் ருசியாக இருந்தாலும் கட்டைவிரல், மகன் பாஸானாலும் கட்டைவிரல் என்று வாழ்கிற ஊர் இது. பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் இருபது வருஷமாக சுகுமாரன் பார்த்ததும் அதே பாகுஸ்தான். கடலுக்கடியில் மட்டும் அந்த விரலுக்கு வேறு அகராதி இருந்தால் பாவம், மனிதர் என்ன செய்வார்!

இன்ஸ்பெக்டர் மசியவில்லை. "போன வருஷம் இதே மாஸ்டரோட கடலுக்குப் போயி செத்துப்போன அனுஜா ஒங்களுக்கு என்னா வேணும்?"

சுகுமாரன் தலை குனிந்தார். "பெரியம்மா மவ சார். என் தங்கச்சி."

"அப்பா பேரு வேற. அதான் மாஸ்டருக்குத் தெரியல." இன்ஸ்பெக்டர் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தார். "சிக்னல் தெரிஞ்சும் புடிச்சிருந்தா இது கொலை. தெரியலன்னா விபத்து. காலையில எழுதுன பரீட்ச பேப்பர் எங்கே?"

சாட்சியாக வந்திருந்த மர்ஜானா பேப்பரை நீட்டினாள். டைவிங் கடையில் எல்லாருக்கும் எந்நேரமும் ஈரக் கை. மை கரைந்துவிடும் என்பதால் பரீட்சைகூட பென்சிலில்தான். ஐம்பது கேள்விகள். சரியான விடைக்கு எதிரே ஒரு டிக் போட வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்பதாவது கேள்வி: கட்டைவிரலை உயர்த்தினால் என்ன பொருள்? 'எல்லாம் நலம்' என்பதற்கு எதிரே டிக் இருந்தது. அதன் பக்கத்தில், தப்பு என்று பெருக்கல் குறி.

இன்ஸ்பெக்டர் பேப்பரைக் கீழே வைத்தார். "இந்த ஒண்ண ஒழுங்கா படிச்சிருந்தா ஒரு உசிரு பொழச்சிருக்கும். போங்க. கூப்பிட்டா வரணும்."

வாசலில் வெயில் கொளுத்தியது. சுகுமாரன் வண்டியை நோக்கி நடந்தார். பின்னாலேயே வந்த மர்ஜானா அவருடைய மோட்டார் சைக்கிள் அருகே நின்றாள்.

"அனுஜாவும் அன்னிக்கு மூணு தடவ கட்டவிரல காட்டுனாண்ணே" என்றாள். "கடை வெளம்பரத்துக்கு மாஸ்டர் வீடியோ எடுத்துக்கிட்டே இருந்தாரு. அந்த வீடியோவ நான் பாத்தேன். வேல போயிடும்னு பயந்து இத்தன நாளா யாருகிட்டயும் சொல்லல."

அவள் அழுதாள். சுகுமாரன் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அந்த ஒம்பதாவது கேள்வி..."

"சரியாத்தான் போட்டிருந்தீங்க. நான்தான் அழிச்சேன்."