இந்த வீட்டில் யார் ஆடுகிறார்கள்

கன்னியம்மாளும் இல்லை என்றுதான் சொன்னாள்.

காலையிலிருந்து பதினாலு வீடு. அடி அண்ணாமலையில் பெண்கள் யாருமே கேம் ஆடுவதில்லையாம். போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டே சொல்கிறார்கள். ஆடுவதாகச் சொன்னால் ரேஷனில் ஏதோ குறைத்துவிடுவார்கள் என்று எவரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அந்தப் புண்ணியவான் யாரென்று தெரிந்தால் நாலு வார்த்தை நன்றாகக் கேட்பேன்.

நான் ஒரு கம்பெனிக்காக சர்வே எடுக்கிறவள். வீடியோ கேம் ஆடுவது யார், என்ன வயது, ஆணா பெண்ணா, மாத வருமானம் எவ்வளவு. ஒவ்வொரு வகையிலும் இத்தனை பேர் வேண்டுமென்று கையிலுள்ள டேப்லெட்டில் கட்டம் கட்டியிருக்கும்.

எல்லாக் கட்டமும் நிரம்பிவிட்டது. பெண், ஐம்பதுக்கு மேல், வருமானம் கம்மி, கேம் ஆடுகிறவர். இந்த ஒன்று மட்டும் ஆறு நாளாகக் காலி. அது நிரம்பாமல் இந்த ஊரை விட்டு நகர முடியாது என்று சூப்பர்வைசர் நவீன் சொல்லிவிட்டான். அவனுக்கென்ன, வேங்கிக்கால் ஆபீசில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறான். இங்கே எனக்குக் கால் விட்டுப்போகிறது.

கன்னியம்மாளுக்கு ஐம்பத்து மூன்று வயது. மறுநாள் பௌர்ணமி. கிரிவலம் வருகிறவர்களுக்கு விற்பதற்காகக் கற்பூரத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். நாலு பொட்டலத்துக்கு ஒருமுறை பக்கத்திலிருந்த போனைத் தொட்டுப் பார்த்தாள்.

சரி, இங்கேயும் இல்லை என்று நான் எழுந்தேன். சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏம்மா, கேம்ல ஒருத்தங்க ரெண்டு நாளா வரலன்னா உங்க ஆபீஸ்ல தெரியுங்களா?”

என்னைக் கேம் நடத்துகிற கம்பெனியிலிருந்து வந்தவள் என்று நினைத்துவிட்டாள்.

அப்புறம் மளமளவென்று கொட்டினாள். மகள் எழில் தானாகப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டு ஓசூருக்குப் போய் மூன்று வருஷம். இனி அவளோடு யாராவது பேசினால் இந்த வாசல்படியை மிதிக்கமாட்டேன் என்று வீட்டுக்காரர் வேடியப்பன் சத்தியம் செய்திருக்கிறார். கன்னியம்மாள் யாரோடு பேசினாள் என்று அவள் போனை எடுத்துப் பார்ப்பாராம். எழிலும் ரோஷக்காரி, நம்பரையே மாற்றிவிட்டாள்.

கேம் மட்டும் மிஞ்சியது. மிட்டாயை மூன்று மூன்றாகச் சேர்த்து உடைக்கிற கேம். வீட்டில் இருந்தபோதே எழில் அம்மாவைத் தன் டீமில் சேர்த்துவிட்டிருந்தாள். தோற்றுத் தோற்று லைஃப் தீர்ந்துபோனால் டீமில் இருப்பவர்களிடம் கேட்கலாம், அவர்கள் கொடுக்கலாம். எழில் நைட் ஷிஃப்ட் முடிந்து காலை எட்டு மணிக்குக் கேட்பாள். கன்னியம்மாள் கொடுப்பாள். இவளுக்கு எழுதப் படிக்க வராது, அந்தப் பச்சைப் பட்டனைத் தொடத் தெரியும். மூன்று வருஷமாகத் தாய்க்கும் மகளுக்கும் நடுவில் இவ்வளவுதான்.

“அவ கேட்டான்னா நல்லா இருக்கான்னு அர்த்தம். ரெண்டு நாளா கேக்கலம்மா.”

எனக்குத் தெரியாது, நான் கேள்வி கேட்கிறவள் மட்டும்தான் என்றேன். சொல்லும்போதே என்மேல் எனக்கு எரிச்சலாக வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவள் கதையைக் கேட்டு முடித்ததும் எனக்கு முதலில் தோன்றியது கட்டம் நிரம்பிவிட்டது என்பதுதான். உட்கார்ந்து ‘ஆம்’ என்று தொட்டேன்.

வாசலில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. ஓட்டிக்கொண்டு வந்தவர் வேடியப்பன். சாப்பாட்டுக்கு வந்துவிட்டார்.

இந்த சர்வேயில் ஒரு இழவு இருக்கிறது. கடைசியில் எல்லாப் பதிலையும் குடும்பத் தலைவருக்குச் சத்தமாகப் படித்துக்காட்டி, அவர் ‘சரி’ என்று சொல்வதைப் பதிவு செய்ய வேண்டும். தலைவர் வீட்டில் இல்லையென்றால் இருப்பவர் சொன்னால் போதும். இவர் வந்து எதிரே உட்கார்ந்தேவிட்டார்.

கன்னியம்மாள் என்னைப் பார்க்கவில்லை. கட்டி முடித்த பொட்டலத்தையே பிரித்து மறுபடி கட்டினாள்.

நான் ‘ஆம்’ என்பதை ‘இல்லை’ என்று மாற்றினேன். பெயர், வயது, வருமானம் எல்லாம் படித்தேன். கேம் ஆடுபவர்கள் யாரும் இல்லை என்று படித்தேன். தன் வீட்டில் அந்த மாதிரி வேலையெல்லாம் கிடையாது என்று சொல்லிவிட்டு, ‘சரி’ என்றார் வேடியப்பன். அனுப்பிவிட்டேன். கட்டம் மறுபடியும் காலி. நாளைக்குப் பௌர்ணமிக் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு இதே தெருக்களைச் சுற்ற வேண்டும். அழுகை வராத குறைதான்.

தெரு முனை திரும்பியிருப்பேன். பின்னாலிருந்து அந்த ஷேர் ஆட்டோ வந்தது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூப்பிடப்போகிறார் என்று நினைத்துக் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன்.

வேடியப்பன் என்ஜினை நிறுத்தினார். சாப்பிட்டிருக்க மாட்டார், அதற்கு நேரமில்லை. வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்துக் காட்டினார். அதிலும் அதே மிட்டாய் கேம்.

“கேம்ல ஒரு பொண்ணு ரெண்டு நாளா லைஃப் கேக்கலம்மா. எழில்னு பேரு. உங்க ஆபீஸ்ல பாத்துச் சொல்ல முடியுமா?”

ஒரே நாளில் இரண்டு தடவை தெரியாது என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை.

“உங்க வீட்டம்மாவும் இதத்தாங்க கேட்டாங்க” என்றேன்.

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு என்ஜினைக் கிளப்பினார். அப்புறம் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினார்.