மெஸ்தாவுக்கு முந்தைய வளைவு

"இங்க எதுக்கு நிறுத்தச் சொல்ற? மெஸ்தால சாப்பாடு ஆறிப்போயிடும்" என்றான் பந்தெலிஸ்.

"நிறுத்து" என்றாள் ஆர்கிரோ.

வேன் வளைவில் ஒதுங்கி நின்றது. பின்னால் இருந்த எட்டுப் பேரும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. இரு பக்கமும் மஸ்திக் பிசின் மரங்கள். சாலையோரத்தில், இரும்புக் காலின்மேல், புறாக்கூடு அளவில் ஒரு சின்னக் கோயில்.

தன் சொந்த ஊர் மெஸ்தா உட்பட, கியோஸ் தீவின் பழைய கோட்டை ஊர்களைப் பயணிகளுக்குச் சுற்றிக் காட்டுவது ஆர்கிரோவின் பிழைப்பு. வண்டி ஓட்டுவது அவள் கணவன் பந்தெலிஸ். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். ஆனால் இந்த வளைவில் அவள் யாரையும் இறக்கியதில்லை.

"இன்னொரு சாமியா?" என்று அலுத்துக்கொண்டே இறங்கினாள் தெசலோனிகிக்காரி ஃபோதினி. "காலையிலேருந்து கும்பிட்டுக் கும்பிட்டுக் கையே வலிக்குது கண்ணு. ஒருத்தராவது சோறு போட்டாரா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"இது சாமி இல்லக்கா. என் தம்பி. இங்கதான் செத்தான்."

சிரிப்பு நின்றது.

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இசிதோரோஸின் படம் இருந்தது. மீசை சரியாக முளைக்காத முகம். படத்தின் முன்னால் விளக்கு, அதில் விளிம்புவரை எண்ணெய். வாரம் தவறாமல் பந்தெலிஸ்தான் ஊற்றுவான்.

ஆர்கிரோ தீப்பெட்டியை எடுத்தாள். கூட்டத்தின் கடைசியில் தலைகுனிந்து நின்ற தாடிக்காரரிடம் நீட்டினாள்.

"லாம்ப்ரோஸ், நீங்க ஏத்துங்க."

ஏதென்ஸிலிருந்து தனியாக வந்திருந்தவர் அவர். வந்ததிலிருந்து யாரோடும் பேசவில்லை. இரண்டு குச்சிகள் அவர் விரலிலேயே அணைந்தன. மூன்றாவது பற்றியது.

ஆர்கிரோ கழுத்தில் தொங்கிய மைக்கை வாயருகே கொண்டுபோனாள். இந்த மதிலை ஜெனோவாக்காரர்கள் கட்டினார்கள் என்று சொல்லும் அதே குரலில் சொன்னாள்:

"என் தம்பிமேல ஏத்தின காரை ஓட்டினவர் இவர்தான்."

ஃபோதினி சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

வேனுக்குள் பந்தெலிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தான். அந்த மனிதரின் பெட்டியைத் துறைமுகத்தில் தூக்கி வைத்தவன் அவன்தான். தாடிக்குள் இருந்த முகத்தை இப்போதுதான் அடையாளம் கண்டான்.

பல வருஷங்களுக்கு முன்னால், மாதா திருவிழாவுக்கு மறுநாள் விடிகாலையில் நடந்தது அது. முந்தின இரவு ஊரே அத்திப்பழச் சாராயத்தில் மிதந்திருந்தது. பையன் குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் தப்பான பக்கத்தில் வந்தான் என்று கோர்ட் சொன்னது. காரோட்டியை விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு அப்பா காபிக்கடைப் பக்கமே போகவில்லை. ரொட்டிக் கடை வரிசையில் அம்மாவுக்குப் பின்னால் 'குடிகாரனைப் பெத்தவ' என்று முணுமுணுத்தார்கள். கோர்ட் படிகளில் இறங்கிப் போன அந்த முகத்தை ஆர்கிரோ ஒரு நாளும் மறக்கவில்லை. அந்தக் காரோட்டி நாசமாய்ப் போக வேண்டும் என்று ஒவ்வொரு ஈஸ்டருக்கும் மெழுகுவத்தி ஏற்றினாள்.

"இப்ப சொல்லுங்க" என்றாள். "என் தம்பி குடிச்சிருந்தானா?"

"இல்லம்மா. மடியில தூக்கி வச்சிருந்தேன். பிசின் வாசம்தான் அடிச்சது." லாம்ப்ரோஸ் படத்தைப் பார்த்தபடியே பேசினார். "வளைவுல ஒரு லாரி குறுக்க நின்னுது. அதுக்கு விலகித்தான் பையன் என் பக்கம் வந்தான். லாரி எடுத்துட்டுப் போயிடுச்சு. கோர்ட்டுலயும் சொன்னேன். கொன்னவன் பேச்ச எவன் நம்புவான்?"

"லாரில என்ன இருந்துது?"

"நாற்காலி. மேல வரைக்கும் மர நாற்காலி."

இதைக் கோர்ட்டில் யாரும் அவரிடம் கேட்கவில்லை. கேட்டவள் ஆர்கிரோ மட்டும்தான். போன வசந்தத்தில் அவர் தன்னந்தனியாக அவளுடைய சுற்றுலாவில் வந்து நின்றபோது, பிர்கி ஊர்த் தெருவில் வைத்துச் சட்டையைப் பிடித்தாள். அவள் கையை விலக்காமலே அவர் எல்லாவற்றையும் சொன்னார். பந்தெலிஸ் அன்று காய்ச்சலில் படுத்திருந்தான். வேறொருவன் வண்டி ஓட்டினான். செப்டம்பரில் மறுபடி வாருங்கள் என்று சொல்லி அவரை அனுப்பினாள். அன்றிரவு புருஷனுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். அதன் பிறகும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அய்யோ, யாரு லாரி அது?" என்றாள் ஃபோதினி.

ஆர்கிரோ வேனின் ஓட்டுநர் பக்கம் போய், ஜன்னல் வழியே கையை விட்டுச் சாவியைத் திருகி எடுத்துக்கொண்டாள்.

அந்த வருஷம் திருவிழாவுக்கு இரவல் வாங்கிய நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்க விடிகாலையில் லாரி எடுத்தவன் ஒருவன்தான். ஊருக்கே தெரியும். சற்று நேரத்தில் வெறும் லாரியோடு திரும்பி வந்து, செத்தவனை முதலில் பார்த்தது போல அலறியவனும் அவனே. பையன் வாயில் சாராய வாடை அடித்தது என்று நீதிபதி முன்னால் அழுதுகொண்டே சொன்னவனும் அவனே. உண்மையைச் சொல்லும்படி ஆகிவிட்டதே என்று அம்மா முன்னால் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டான். அம்மா அவனை எழுப்பிக் கட்டிக்கொண்டாள். பிறகு மகளையும் கொடுத்தாள்.

பந்தெலிஸ் சாவிக்காகக் கையை நீட்டினான்.

ஆர்கிரோ மைக்கை அவன் வாயருகே பிடித்தாள்.

"இங்க சொல்லிப் பழகிக்க" என்றாள். "மெஸ்தா சதுக்கத்துல அம்மா காத்துக்கிட்டிருக்கா. ஊரையே கூப்பிட்டு வச்சிருக்கேன்."