உள்ளே வைத்த பொட்டு

"வள்ளி, நீயே வந்து பொட்டு வை" என்றான் நாகையா.

வள்ளியம்மா குங்குமச் சிமிழும் கையுமாக அடுப்படிப் படியிலேயே நின்றாள். இறங்கவில்லை.

ஆயுத பூஜையும் அதுவுமாக, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸின் பின்முற்றத்தில் அக்கம்பக்கம் முழுக்கக் கூடிவிட்டது. எல்லார் கண்ணும் அந்த இஞ்சின் மேல்தான்.

ஒன்றரை முழ நீளம். புகைபோக்கி, பிஸ்டன், சக்கரம், விசில், எதற்கும் குறையில்லை. செந்தூல் பட்டறையில் பகலெல்லாம் பெரிய இஞ்சின்களைப் பழுது பார்ப்பவன், வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கொட்டகைக்குள் நுழைந்து இந்தச் சின்னதைச் செய்தான். இரண்டு வருஷமாக.

இரண்டு வருஷமும் வள்ளியம்மா வயிறெரிந்தாள்.

எரியாதா பின்னே? தலைக்கு எண்ணெய் இருக்கிறதா என்று அவளை ஒரு நாள் கேட்டதில்லை. அதற்கு மட்டும் மூட்டுக்கு மூட்டு எண்ணெய். அவளுக்குக் காய்ச்சல் என்றால் "கஞ்சி குடிச்சியா?" என்பதோடு சரி. அதற்கு ஓர் இணைப்பில் ஆவி கசிந்தால் மனுஷனுக்குச் சோறு இறங்காது.

அரத்தால் ராவுவான். உப்புத்தாளால் தேய்ப்பான். அவளுடைய பழைய பட்டுப் புடவையைக் கிழித்துத் துடைப்பான். மயிரிழைக் கீறல் கண்ணில் பட்டாலும் கழற்றிப் போட்டு மறுபடி முதலிலிருந்து ராவுவான்.

தண்டவாளத்தையாவது வேறெங்காவது போட்டானா? முற்றத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, சரியாக அடுப்படிப் படியை ஒட்டிப் போட்டிருந்தான். ஏன் இங்கே என்று கேட்டதற்குச் சிரித்தான்.

சக்களத்தி என்று ஒருத்தி வந்தால் முடியைப் பிடித்துச் சண்டை போடலாம். இதோடு என்னத்தைச் சண்டை போடுவது?

இத்தனைக்கும், நிஜமாகவே இருந்த ஒருத்தியை அவள் எப்போதோ ஜெயித்தவள்.

நாகையாவுக்கு அவள் இரண்டாம் தாரம். மூத்தவள் நல்லம்மாள் மலேரியாவில் போய்ச் சேர்ந்துவிட்டாள். வள்ளியம்மா கப்பலிறங்கி இந்த வீட்டுக்குள் வந்தபோது அடுப்படி நிறைய மூத்தவளுடைய சீர்ப் பாத்திரங்கள். நடுவில் ராணி மாதிரி ஒரு பெரிய செப்புத் தவலை. ஒவ்வொன்றின் கழுத்திலும் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. தேய்க்கும்போதெல்லாம் அந்தப் பெயர் உள்ளங்கையில் குத்தியது.

மூன்றாம் நாளே சொல்லிவிட்டாள்.

"அவ பேரு இந்த அடுப்படியில இருக்கக் கூடாதுங்க. ஒன்னு அந்த ஏனம் இருக்கட்டும், இல்லாட்டி நான் இருக்கேன்."

நாகையா தலையாட்டினான். மறுநாள் ஒரு பாத்திரமும் இல்லை. பழைய சாமான் வாங்கும் சீனர் கடையில் போட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். கேட்கவில்லை. ஜெயித்தவள் எதற்குக் கேட்கப் போகிறாள்?

"அக்கா, ஒங்க சக்களத்திக்கு நீங்கதான் பொட்டு வைக்கணுமாம், வாங்க!" என்று பக்கத்து வீட்டு வீரம்மா குரல் கொடுத்தாள். கூட்டம் சிரித்தது.

நாகையாவும் சிரித்தான். "அவ பொட்டு வைக்காம இது ஒரு அடி நகராது" என்றான்.

அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. இத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டானே! இரண்டு வருஷத்து எரிச்சல் அப்படியே தணிந்து, வள்ளியம்மா படியிறங்கினாள்.

முகப்பில் ஒரு பொட்டு. புகைபோக்கியில் ஒன்று. சக்கரத்தடியில் பெரிய எலுமிச்சை கொள்ளாது என்று நாகையா கோலிக்குண்டு போலச் சின்னக் கஸ்தூரி எலுமிச்சையாகத் தேடி வைத்திருந்தான். அதைப் பார்த்ததும் அவளுக்கே சிரிப்பு வந்தது. பாவம், அழகாகத்தான் இருக்கிறது என்று முதல்முறையாக நினைத்தாள்.

தன் பங்குக்கு இன்னொன்று வைக்கத் தோன்றியது. யார் கண்ணுக்கும் தெரியாத இடமாக. ஓட்டுபவர் நிற்கும் கூண்டுக்குள், செப்புக் கொதிகலனின் பின்பக்கத்தில். குங்குமம் தொட்ட விரலை உள்ளே விட்டாள்.

விரலில் குத்தியது.

ஒரு புள்ளி. அதை ஒட்டி இன்னொன்று. வளைந்து, சுழித்து, இறங்கி, மறுபடி வளைந்து.

குனிந்து பார்க்க வேண்டியதே இல்லை. தேய்த்த கைக்குத் தெரியாதா?

அடுப்படியில் இருக்கக் கூடாது என்றுதானே சொன்னாள். அடுப்படியில் இல்லைதான்.

மயிரிழைக் கீறலைக்கூட விட்டுவைக்காத அரம், அந்த ஆறு எழுத்தை மட்டும் தொடவே இல்லை.

"உள்ளுக்குள்ள என்னாக்கா தேடுறீங்க?" என்றாள் வீரம்மா.

"ஒன்னுமில்ல. பொட்டு சரியா ஒட்டல."

கையை வெளியே எடுத்து, திரும்பிப் பார்க்காமல் போய்ப் படியில் உட்கார்ந்தாள். நாகையா அடியில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றினான். தண்ணீர் முனகியது, கொதித்தது. விசில் வீறிட்டது. எலுமிச்சை நசுங்கியது. கூட்டம் கைதட்டியபோது அவன் யாரையும் பார்க்கவில்லை, இஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வள்ளியம்மா தன் கையால் வைத்த குங்குமத்தோடு, சுமங்கலியாக, அது முற்றத்தைச் சுற்றிக்கொண்டு அடுப்படியை நோக்கி வந்தது.

அவள் காலை உள்ளே இழுத்துக்கொண்டு வழிவிட்டாள்.