ஆறுதல் பாபு

ஞாயிற்றுக்கிழமை நாலு மணி அடித்தால் போதும், போர்ட்பிளேர் ஆஸ்பத்திரி ஆண்கள் வார்டில் பாதிப் பேருக்குத் தூக்கம் வந்துவிடும்.

பன்னீர்செல்வம் வருகிற நேரம் அது.

பி.டபிள்யூ.டி.யில் ஸ்டோர் கிளார்க். டெலானிபூர் குவார்ட்டர்ஸிலிருந்து நடந்தே வருவார். சட்டைப் பையில் திருநீற்றுப் பொட்டலம். வாயில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாத ஆறுதல்.

‘நம்ம தலையைப் பார்த்ததுமே இதுகளுக்கு என்ன ஒரு நிம்மதி! அப்படியே கண் அசந்துடுதே!’ என்று உள்ளுக்குள் பூரித்துப்போவார். அது தூக்கம்தானா என்று ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை, புண்ணியவான்.

அன்றைக்கு முழித்துக்கொண்டிருந்தவன் ஒரே ஒருத்தன், கராச்சர்மா ஊர்க்காரன் கோவிந்தராஜ். காட்டில் மரம் சாய்ந்து வலது கால் நசுங்கிக் கிடந்தான். பக்கத்தில் அவன் மனைவி செல்லம்.

“என்னப்பா, டாக்டர் சாப் என்ன சொல்றாரு?”

“முழங்காலுக்குக் கீழ எடுத்துடணுமாம் பாபு. நாளைக்கே. நான் முடியாதுன்னுட்டேன். மெயின்லேண்ட் போய், மெட்ராஸ்ல பெரிய டாக்டரைப் பார்த்துக்கறேன்.”

பன்னீர்செல்வத்துக்குப் பகீரென்றது. மாசத்துக்கு ரெண்டு கப்பல் வந்தாலே பெரிசு என்றிருந்த காலம்.

“கப்பல் என்னைக்கு?”

“பன்னெண்டு நாள் ஆகுமாம்.”

“அதுக்கு மேல கடல்ல நாலு நாள். அதுவரைக்கும் கால்ல ஏறின விஷம் உனக்காகக் கை கட்டி நிக்குமா? மடையா!”

ஆரம்பித்துவிட்டார். உடம்பு வாடகை வீடு என்றார். முருகன் கைவிடமாட்டான் என்றார். ஒற்றைக் காலால் தையல் மிஷின் மிதிக்கிற ஷாதிபூர் டெய்லரை உதாரணம் காட்டினார். செல்லம் கொட்டாவியை முந்தானையால் மறைத்தாள்.

“பஸ் கரோ பாபு, போதும்!” என்று பக்கத்துக் கட்டில் வங்காளி போர்வைக்குள்ளிருந்து கெஞ்சினான்.

“பாவம், தூக்கத்துலயும் வலி பேசுது” என்று அவனுக்கும் ஒரு கிள்ளுத் திருநீறு.

கடைசியில் கோவிந்தராஜின் கையைப் பிடித்துக்கொண்டார். அத்தனை நேரம் கணீரென்றிருந்த குரல் கம்மிவிட்டது.

“கப்பலுக்குக் காத்திருக்காதேடா. வேண்டாம்டா. ஒத்துக்கோடா.”

கோவிந்தராஜ் அவரையே பார்த்தான்.

“டீக் ஹை பாபு. நீங்க சொல்றீங்களேன்னு ஒத்துக்கறேன்.”

பன்னீர்செல்வத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. ‘டாக்டர் சாப்புக்கே மசியாதவன்! ஒரு மணி நேரத்துல மடக்கிட்டோமே! இந்த வாயை வச்சுக்கிட்டுப் போயும் போயும் ஆணியையும் சிமெண்ட் மூட்டையையும் எண்ணிட்டிருக்கோமே!’

நேரே வராந்தாவில் இருந்த நர்ஸம்மாவிடம் ஓடினார்.

“சிஸ்டர், கோவிந்தராஜ் ஒத்துக்கிட்டான்! ஃபாரத்தைக் கொண்டாங்க, நானே சாட்சிக் கையெழுத்துப் போடறேன்!”

நர்ஸம்மா தலையை நிமிர்த்தாமலே ஃபைலைப் புரட்டிக் காட்டினார்.

“காலையில எட்டு மணிக்கே கைநாட்டு வச்சாச்சே பாபு.”

நீல மையில் அச்சாகக் கட்டைவிரல்.

பன்னீர்செல்வத்தின் முகம் சுண்டிவிட்டது. ‘அட படுபாவி! என்னை வச்சு வேடிக்கையா காட்டினே?’ நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று திரும்பினார். வார்டு வாசலில் செல்லத்தின் குரல் அவரை நிறுத்தியது.

“ஏன்யா, காலையிலயே கைநாட்டு வச்சுட்டு அந்த மனுஷன்கிட்ட எதுக்கு இந்த நாடகம்? அவருக்குத் தொண்டைத் தண்ணி வத்துனதுதான் மிச்சம்.”

“போடி, உனக்குத் தெரியாது. அவரு சம்சாரத்துக்கு உடனே ஆபரேஷன் பண்ணணும்னு இதே ஆஸ்பத்திரியிலதான் சொன்னாங்களாம். கப்பல் வரட்டும், மெட்ராஸுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு ஒத்தைக் கால்ல நின்னாராம் இவரு. கப்பல் வந்தப்போ அந்தம்மா இல்ல. அதுலேர்ந்துதான் வாராவாரம் இங்க வந்து நிக்கறாரு.”

செல்லம் அவன் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

“எனக்குப் போறது கால்தான் செல்லம். கப்பலுக்குக் காத்திருந்த ஒரு உசிரையாவது காப்பாத்திட்டோம்னு அந்த மனுஷன் இன்னைக்கு நிம்மதியாத் தூங்கட்டுமே.”